வெந்நீர் அடுப்புக்கு

அக்டோபர் 10, வெள்ளி

உரக்கடையில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி இது. தை மாதத்திலிருந்து அலமாரியில் சும்மா கிடந்தது. நேற்று கீழே ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "தெனமும் என்ன சாப்பிட்டார், வலி எப்ப வந்துச்சு, எல்லாம் எழுதி வைங்கம்மா, போன்ல கேப்பேன்" என்றார். இத்தனை வருஷம் சத்துணவுக் கூடத்தில் அரிசி, பருப்பு, முட்டை என்று எழுதித் தள்ளியவளுக்கு இது பெரிய வேலையா? எழுதிவிட்டுப் போகிறேன்.

காலை: கேழ்வரகுக் கஞ்சி ஒரு டம்ளர். மதியம்: ரசம் சாதம், நாலு வாய். வலி: சாயங்காலம்.

கல்லீரலில் வந்தது மற்ற இடங்களுக்கும் போய்விட்டதாம். இனி வீட்டில் வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மலை ஏறும் பேருந்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மழையையே பார்த்துக்கொண்டு வந்தார். பூண்டு விலையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏ தனம், இந்த மழைக்குள்ள நான் போயிட்டா என்னையப் பொதைக்க விட்றாத. எரிச்சிருங்க."

மாத்திரை மயக்கத்தில் உளறுகிறார். எங்கள் தாண்டுப்பாறையில் ஐப்பசி, கார்த்திகையில் யாரையும் எரிப்பதில்லை. சுடுகாட்டுக்குக் கூரை கிடையாது, விறகு ஊறிக் கிடக்கும், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்து எத்தனையோ காலமாயிற்று. மழை மாதத்தில் போனவர்களைப் புதைப்பதுதான் ஊர் வழக்கம். என் மாமியாரையும் அப்படித்தான் புதைத்தார்கள். மூன்றாவது மழையில் சரிவு விழுந்து மேடே ஓடைக்குள் போனது. எலும்புகளைத் தேடிப் பொறுக்கி வந்து மறுபடி குழியில் வைத்தவர் இவர்தான். அதன் பிறகு ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை.

நல்ல நாளில் எதற்கு அந்தப் பேச்சு.

அக்டோபர் 12, ஞாயிறு

காலை: கஞ்சி முக்கால் டம்ளர்.

கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு பற்றவே இல்லை. அவருக்கு உடம்பு துடைக்கச் சூடு தண்ணீர் வேண்டும். ஊதி ஊதிக் கண்தான் சிவந்தது. கொஞ்சம் சருகு அள்ளி வரலாம் என்று பின்னால் இருக்கும் பைன் காட்டுக்குப் போனேன். சருகும் ஈரம். யாரோ எப்போதோ கத்தியால் கொத்திய ஒரு மரத்தில், வெட்டுக்குக் கீழே வெள்ளையாகப் பிசின் வழிந்து மெழுகு போலக் கெட்டிப்பட்டிருந்தது. சுரண்டி எடுத்து வந்து அடுப்பில் வைத்துத் தீக்குச்சி கிழித்தேன்.

பிடித்துக்கொண்டது. ஈரச் சுள்ளிக்கு நடுவில், கரும்புகை விட்டுக்கொண்டு, எண்ணெய்த் திரி மாதிரி நின்று எரிந்தது. மேலே சாரல் விழுந்தது, அப்போதும் அணையவில்லை.

இத்தனை வருஷம் இந்தக் காட்டுக்கு முன்னாலேயே குடியிருக்கிறேன். வெந்நீர் அடுப்புக்கு நல்ல உபாயம்.

அக்டோபர் 14, செவ்வாய்

மறுபடியும் காட்டுக்குப் போனேன். பால் டப்பா நிறையப் பிசின்.

கை பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. சோப்புக்கு அசையவில்லை. கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்ததும் விட்டது. கஞ்சி ஊட்டும்போது அவர் என் விரலை மோந்து பார்த்தார்.

"என்னடி, பெயிண்டு அடிச்ச மாதிரி வாசம்?"

"பைன் பிசினுங்க. வெந்நீர் அடுப்புக்கு."

"ம்" என்றார். கட்டிலுக்குக் கீழே இருந்த டப்பாவை எட்டிப் பார்த்தார். "ஊருக்கே வெந்நீர் போடப் போற போல."

கஞ்சி: அரை டம்ளர்.

அக்டோபர் 17, வெள்ளி

ரங்கசாமித் தம்பி வந்தார். என் கொழுந்தன், பக்கத்து வளவில் இருக்கிறார். அண்ணனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்றுகொண்டு தலைத்துண்டைப் பிழிந்தார், உதறினார், மறுபடி பிழிந்தார். சொல்ல வந்ததைச் சொல்ல அவருக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

"அண்ணன் எங்கிட்டயும் சொல்லுச்சு மதினி. எரிக்கச் சொல்லுது."

"உளறுறாருங்க தம்பி."

"உளறல. தெளிவாத்தான் சொல்லுது. நான் சரின்னு தலையாட்டிட்டேன். ஆனா எப்படி மதினி? பெரியகருப்பன் மாமாவுக்கு மழையில தீ வச்சோமே, மறந்துட்டீங்களா? பாதியில அணைஞ்சுபோச்சு. நான் அங்க நின்னேன். அந்தக் கோலத்துல ஒரு மனுசன நாம பாக்கக் கூடாது. அதுக்கப்புறந்தான ஊர்ல மழைக்குத் தீ வேண்டாம்னு முடிவு பண்ணுனது. என் அண்ணன அப்படி விட எனக்கு மனசு வராது. பொதைச்சாலும் முழுசா இருக்கும்."

அவர் சொல்வதில் தப்பில்லை. அதுதான் எனக்குக் கோபம். தப்பாகப் பேசியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அவர் போனதும் கோணியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். அடுப்புக்குப் பிசின் குறைந்துவிட்டது.

அக்டோபர் 18, சனி

மழை. கோணியில் கால்வாசி.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பட்டாசு வேண்டாம் என்று பக்கத்துப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தேன், மழையே அவர்களை அடக்கிவிட்டது.

திருப்பூரிலிருந்து மகள் சுகந்தி போன் செய்தாள். அடுத்த வாரம் கம்பெனியில் லீவு கிடைத்ததும் வருகிறேன் என்றாள். அப்பாவுக்கு அதிரசம் பிடிக்கும், செய்து ஒரு விள்ளல் வாயில் வையுங்கள் என்றாள். ஒரு பக்கம் அடுப்பில் வெல்லப்பாகு வைத்தேன். இன்னொரு அடுப்பு சும்மா இருக்கிறதே என்று பழைய ஈயச் சட்டியில் பிசினைப் போட்டு உருக்கினேன். எனக்குக் கை சும்மா இருக்காது. பாகுக்குப் பதம் பார்க்கிற மாதிரியே பிசினையும் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தேன். உருளவில்லை. இன்னும் கொதிக்கட்டும் என்று தீயைக் கூட்டினேன்.

சட்டியே பற்றிக்கொண்டது. கூரை வரை எழும்பியது. ஈரச் சாக்கைப் போட்டு மூடினேன். ஒரு புருவம் போய்விட்டது. அதிரசப் பாகு முறுகிக் கல்லாகிவிட்டது.

கட்டிலிலிருந்து, "என்ன தனம், மத்தாப்பா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது, இருமலில் வலி வந்தது. ஆனாலும் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இன்றுதான் முதல் தடவை.

அதிரசம் இல்லை. பாயசம் ரெண்டு கரண்டி.

அக்டோபர் 24, வெள்ளி

இப்போது பதம் தெரிந்துவிட்டது. கொல்லையில் மூன்று கல் கூட்டி, தீயைச் சின்னதாக வைத்து, உருகியதும் இறக்கிவிட வேண்டும். அதில் துணியைத் தோய்த்துக் காயவிட்டால் நீளமான திரி ஆகிறது. துணிக்கு அவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்தேன். நைந்து போனதுதான். இனி யார் கட்டப்

அந்த வரியை அடித்துவிட்டேன். கஞ்சி கால் டம்ளர். வலி: காலையும் மாலையும்.

கொடியில் திரிகள் தொங்குவதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறார். "நம்ம கல்யாணத்துக்கு எடுத்த கரை வேட்டியும் பெட்டியில இருக்கு. அதையும் கிழிச்சுக்க" என்றார்.

"வெந்நீர் அடுப்புக்கு இது போதுங்க" என்றேன்.

அக்டோபர் 29, புதன்

இன்று என் முகத்தில் கரி. நிஜமாகவும்தான்.

ரங்கசாமித் தம்பியைக் கூப்பிட்டேன். பிசினை வைத்து ஈர விறகை எரித்துக் காட்டுகிறேன் பாருங்கள் என்றேன். கொல்லையில் ஊறிய சீகை மரக் கட்டைகளை அடுக்கி, இடுக்கில் திரிகளைச் சொருகி, நல்ல சாரலில் பற்ற வைத்தேன். திரி குபுகுபுவென்று எரிந்தது. கட்டையின் மேல் தோல் கருகியது. திரி தீர்ந்தது. அவ்வளவுதான். கட்டை புகைந்துகொண்டு கிடந்தது, அப்புறம் அதுவும் இல்லை.

பிசின் எரிந்தது, விறகு எரியவில்லை.

தம்பி கருகிய கட்டையைக் காலால் புரட்டிப் பார்த்தார். கீழ்ப்பக்கம் அப்படியே ஈரம். "மழை விடட்டும் மதினி" என்று சொல்லிவிட்டுப் போனார். மழை எங்கே விடப்போகிறது.

அடுப்படியிலேயே காலம் தள்ளியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? பெரிய கட்டை காய்ந்து பிடிக்கிற வரைக்கும் அடியில் தீ நிற்க வேண்டும். திரிக்கு அவ்வளவு உயிர் இல்லை. வேறென்ன, வேறென்ன என்று வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "செத்த நேரம் உக்காரேன், தனம்" என்றார். பால் பொங்குகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சறுக்கி விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது. ஆனால் விழுந்த இடம் நல்ல இடம்.

போன புயலில் சாய்ந்த பைன் மரங்கள் காட்டுக்குள் அப்படியே கிடக்கின்றன. வெளிப்பக்கம் மக்கிப்போய்ப் பாசி பிடித்திருக்கும், யாரும் தொடுவதில்லை. அப்படி ஒரு அடிமரத்தின் மேல்தான் விழுந்தேன். மக்கல் உதிர்ந்து, உள்ளே சிவப்பாகத் தேன் நிறத்தில் கட்டை தெரிந்தது. எழுந்து பார்த்தால் சேலை முழுக்க அதே பெயிண்டு வாசம். மரம் செத்த பிறகும் அதன் பிசின் எல்லாம் வயிற்றுக்குள் இறங்கி உறைந்துபோயிருக்கிறது. மழைத் தண்ணீர் அதன் மேல் நிற்காமல் ஓடுகிறது.

ஒரு சிராய் உரித்து அங்கேயே முந்தானையைக் குடையாகப் பிடித்துக் கொளுத்தினேன். நான் சருகில் உட்கார்ந்து அது எரிவதையே பார்த்தேன். விரலளவு சிராய். ஒரு உலை கொதிக்கிற நேரம் எரிந்தது.

சத்தம் போட்டு அழுதேன். காட்டில் யாரும் இல்லை.

நவம்பர் 3, திங்கள்

விழுந்த மரம்தான், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் காட்டு வாச்சர். எதற்கு என்று கேட்டார். வெந்நீர் அடுப்புக்கு.

நவம்பர் 6, வியாழன்

ஒருவழியாக லீவு கிடைத்துச் சுகந்தி வந்துவிட்டாள். அப்பாவைப் பார்த்ததும் அழாமல் நின்றாள், கொல்லைக்கு வந்து அழுதாள். அப்புறம் மாட்டுக் கொட்டகையில் அடுக்கியிருந்ததைப் பார்த்தாள். நாலு கோணி சிவப்புக் கட்டை, மூங்கில் கழியில் வரிசையாகத் திரிகள், ரெண்டு டப்பா பிசின்.

"என்னம்மா இதெல்லாம்?"

"வெந்நீர் அடுப்புக்குடி."

"இவ்ளோவா? ஒரு ஹீட்டர் வாங்கித் தர்றேன்னு எத்தன வாட்டி சொன்னேன்." பேசிக்கொண்டே ஒரு திரியை எடுத்தவள், அதன் ஓரத்தில் பச்சைக் கரையைப் பார்த்தாள். அப்பாவின் வேட்டிக்கரை அவளுக்குத் தெரியாதா? திரியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். மதியம் அவளும் அரிவாளை எடுத்துக்கொண்டு என் கூட வந்தாள்.

கஞ்சி வேண்டாம் என்கிறார். பார்லித் தண்ணீர் கொஞ்சம்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்று மறுபடி தம்பியைக் கூப்பிட்டேன். வர மனமில்லாமல் வந்தார். நல்ல மழை. அப்பாவை ஜன்னலோரம் சாய்த்து உட்கார வைத்துக் கம்பளி போர்த்தியிருந்தாள் சுகந்தி.

தரையில் கல் பரப்பி, அதன் மேல் சிவப்புக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, இடுக்கில் திரி, அதற்கு மேலே ஊறிய சீகை விறகு. நானும் சுகந்தியும் தார்ப்பாயை விரித்துப் பிடித்தோம். தீ வைத்தேன். முதலில் கரும்புகை. அப்புறம் அடியிலிருந்து ஒரு சத்தம், எண்ணெய்ச் சட்டியில் தாளிக்கிற மாதிரி. ஈர விறகு நுரை தள்ளியது, நுரை காய்ந்தது, பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை எடுத்துவிடுங்கள் என்றார் தம்பி. எடுத்தோம். மழை நேராக அதன் மேல் விழுந்தது. தீ அசையவில்லை.

தம்பி வெகுநேரம் மழையில் நின்றார். அப்புறம் குச்சியால் கிளறிப் பார்த்தார். ஒரு கட்டையிலும் ஈரம் இல்லை, எல்லாம் தணல்.

"எங்கிட்ட நாலு தகரம் இருக்கு மதினி" என்றார். "தீ பிடிக்கிற வரைக்கும் மேல பிடிச்சுக்கலாம். ஆளுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்." ஜன்னலைப் பார்த்தார். "எரிச்சிரலாம்ணே" என்றார் சத்தமாக. இதுவரை எங்களில் யாரும் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை.

உள்ளேயிருந்து அவர் கையைத் தூக்கினார். அவ்வளவுதான் முடிந்தது.

நவம்பர் 10, திங்கள்

கோணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இன்னும் ஒரு நடை கொண்டுவந்துவிட்டால் குறையே இருக்காது.

"தனம்."

"இந்தா வந்துருவேங்க."

"போதும். எத்தனை பேர எரிக்கப் போற? எனக்கு அது போதும். நீ காட்டுலயே இருக்க. நான் இங்க இருக்கேன்."

கோணியை வாசலிலேயே போட்டேன். கட்டிலில் உட்கார்ந்தேன். என் கையை எடுத்து மோந்து பார்த்தார். பெயிண்டு வாசம், நல்லாத்தான் இருக்கு என்றார்.

உண்மையை எழுதிவிடுகிறேன். உட்கார்ந்தால் அவர் மூச்சு கேட்கிறது. அதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு மாதமாகக் காட்டுக்கு ஓடியது பாதி அவருக்காக, பாதி அந்தச் சத்தத்துக்குப் பயந்து.

இன்று முழுக்கக் கேட்டேன்.

நவம்பர் 12, புதன்

பஞ்சில் நனைத்துத் தண்ணீர். உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 13, வியாழன்

உட்கார்ந்திருந்தேன். சரிவில் நம் பூண்டு அழுகுகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. வெள்ளிக்கிழமை காலை போய்விட்டார். என் கை அவர் நெஞ்சின் மேல் இருந்தது. டாக்டரம்மாவுக்கு எழுத இனி ஒன்றும் இல்லை, ஆனால் அன்றைக்கு நடந்ததை எழுதிவிட்டுத்தான் இதை மூடுவேன்.

காலையிலிருந்தே அடைமழை. இரண்டு பேர் வழக்கம் போல் மண்வெட்டியோடு வந்து நின்றார்கள். ரங்கசாமித் தம்பி அவர்களிடம் மண்வெட்டியை வாங்கிச் சுவரில் சாத்திவிட்டு, "கொட்டகைக்கு வாங்கப்பா" என்றார். கோணிகளைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போனார்கள். தகரம் பின்னால் போனது. கடைசியில் அவர் போனார். எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. தெருமுனை வரை போனேன், நின்றேன், திரும்பினேன்.

எரித்துவிட்டு வருகிறவர்கள் தலை முழுகக் கொல்லையில் வெந்நீர் போட வேண்டும். இந்தக் குளிருக்கு வெந்நீர் இல்லாமல் முடியாது. அண்டாவில் தண்ணீர் நிரப்பினேன். அடுப்பில் விறகு வைத்தேன். தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

கொட்டகை காலி. ஒரு சிராய் இல்லை, ஒரு திரி இல்லை. டப்பாவைக் கூட வழித்துக் கொடுத்து அனுப்பியிருந்தேன்.

ஊறிய விறகோடு மல்லுக்கட்டினேன். காகிதம் வைத்தேன், தென்னம்பாளை வைத்தேன், கற்பூரம் வைத்தேன். எல்லாம் எரிந்து தீர்ந்தது, விறகு எரியவில்லை. புகை. சுகந்தி, "விடும்மா, கேஸ்ல குடம் குடமா வச்சுத் தர்றேன்" என்றாள். நீ போ என்று விரட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. புகையினால் என்று எழுத மாட்டேன்.

அப்போது சுகந்தி, "அம்மா, அங்க பாரு" என்றாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம், மழைக்கு நடுவில், கருப்பாகப் புகை எழும்பியது. ஈர விறகின் புகை வெள்ளையாகப் படுத்துக்கொள்ளும். இது கன்னங்கரேலென்று நேரே மேலே போனது. பைன் பிசின் புகை. கொஞ்ச நேரத்தில் அடியில் சிவப்பும் தெரிந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். புகை வெளுத்து மெலிகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மற்றவர்கள் வந்து, சுகந்தி கேஸில் வைத்துக் கொடுத்த வெந்நீரை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு போனார்கள். தம்பி மட்டும் பொழுது சாயத்தான் வந்தார். கரியும் ஈரமுமாக நின்றார்.

"முழுசா எரிஞ்சிருச்சு மதினி. கடைசி வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வாரேன். ஒரு குறையும் இல்ல."

அண்டாவுக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஐஸ் மாதிரி இருந்தது. அணைந்த அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த அடுப்புக்குன்னு ஒரு கட்டை கூடவா எடுத்து வைக்கல?"

"இல்லங்க தம்பி."

அவர் சொம்பில் அந்தப் பச்சைத் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். நடுங்கிக்கொண்டே இன்னொரு சொம்பு ஊற்றினார். நான் துண்டை எடுத்து நீட்டினேன்.